இருபத்து மூன்றாம் கேள்வி

முதல் நாள்

போடிநாயக்கனூர் ரயிலடியில் இறங்கியபோது என்னிடம் ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு கிளிப் பலகை, சைக்ளோஸ்டைல் போட்ட ஒரு கட்டுத் தாள், நிறையத் தலைக்கனம் இருந்தன. முதல் மூன்றும் சென்னையில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் சொத்து. நான்காவது நானே சம்பாதித்தது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருடம். எனக்கு இருபத்தைந்து வயது. தொழில் நிர்வாகத்தையும் அறிவியலாகச் செய்யலாம் என்ற பேச்சு அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. நான் அந்த நிலையத்தில் இன்வெஸ்டிகேட்டர். ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டுத் தாளை நிரப்பிக்கொண்டு வருவது உத்தியோகம்.

இப்போது ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், “சார், அளவுசார் முறை நல்லதா, பண்புசார் முறை நல்லதா?” என்று கேட்கிறார்கள். எண்ணிச் சொல்வதா, பேசவிட்டு எழுதுவதா என்பதுதான் விஷயம். அன்றைக்கு எங்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. எண்ணினால் ஆராய்ச்சி, எண்ணாவிட்டால் வம்பு. எங்கள் டைரக்டர் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார், நானும் பயபக்தியோடு நம்பினேன். அந்த நம்பிக்கை ஏலமலையில் என்ன செய்தது என்பதை எழுதிவைக்கிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

போடியில் எங்களை வரவழைத்திருந்தவர் ஒரு ஏலத்தோட்ட முதலாளி. கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, காப்பி வரவழைத்துக் கொடுத்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, எனக்குக் கீழ்க்காடு, மேல்காடுன்னு ரெண்டு துண்டு இருக்கு. கீழ்க்காட்டுல ஏழு மணிக்கெல்லாம் நிரையில எறங்கிக் காய் எடுக்கிறாளுக. மேல்காட்டுல ஒம்பதுக்கு முன்னால ஒருத்தி குனிய மாட்டேங்கிறா. பனி வெலகணும்னு உக்காந்திருக்காளுக. பெறகு மொக்கையன் தகரத்தத் தட்டிக்கிட்டு முன்னால போவான். இவளுக ஒருத்தி பின்னால ஒருத்தியா நடப்பாளுக. சாமி ஊர்வலங் கெணக்கா.”

“தகரம் எதற்கு?”

“எங்கய்யா காலத்துல ஆனைத் தொல்ல. அதுக்குப் போட்ட ஆளு அவன். இப்பத்தேன் சுத்திலும் தோட்டமாயிருச்சே, ஆன எங்கிட்டு வருது? ஆனா நான் கேட்டா எனக்குப் பயந்துக்கிட்டு ஏதாச்சும் சொல்லுவாக. நீங்க வெளியாளு. நீங்க கேளுங்க. ஆன தொல்ல இருக்குன்னு அவுக சொன்னா மொக்கையன் அவம்பாட்டுக்குத் தட்டட்டும், ஒம்பதுக்கே போகட்டும். இல்லைன்னு சொன்னாகன்னா அவன ஸ்டோருல வெறகு தள்ள அனுப்பிட்டு ஏழு மணிக்கு விசிலடிக்கச் சொல்லிருவேன்.”

முதலாளியை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. தன் ஆட்களின் வாயால் வருவதைக் கேட்டு முடிவு செய்கிறேன் என்றார். அதைக் கேட்டு வரும் வேலைதான் என்னுடையது.

மேல்காடு

எனக்கு உதவியாகப் போடியிலேயே ஓர் ஆளை அமர்த்தினேன். அருளப்பன் என்று பெயர். பஜாரில் அவனுடைய அப்பாவுக்கு மளிகைக் கடை. என்னைவிட இரண்டு வயது சின்னவன். யாரைப் பார்த்தாலும் ஐந்து நிமிடத்தில் அக்கா, மாமா என்று முறை வைத்துவிடுவான். ஓர் இன்வெஸ்டிகேட்டருக்கு இருக்கக்கூடாத குணம் என்று அப்போது நினைத்தேன்.

மேல்காட்டில் காய் எடுத்தவர்கள் பெரும்பாலும் மலையடிவாரத்தில் உள்ள சிலமலைக் கிராமத்திலிருந்து ஏறி வந்த பெண்கள். பருவம் முடியும்வரை தோட்டத்துக் கொட்டகையில் தங்குவார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரிசி, சாமான் வாங்கப் போடிக்கு இறங்குவார்கள். வரிசையில் மொக்கையனுக்கு அடுத்தபடியாக நடப்பவள் பேச்சியம்மா. நாற்பது வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் அவளுடைய தங்கை ராக்கு. அதற்கப்புறம் மற்றவர்கள்.

முதல் நாள் நானும் அந்த வரிசையின் கடைசியில் சேர்ந்து நடந்தேன். பாதி வழியில், பாதைக்கு நடுவில், பெரிய சாணிக் குவியல் கிடந்தது. அது மாட்டுச் சாணி இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை. வரிசையில் போன ஒவ்வொருத்தியும் பக்கத்துச் செடியில் ஓர் இலையைக் கிள்ளி அதன் ஓரத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கடந்தாள். அருளப்பனும் ஓர் இலையைக் கிள்ளிப் போட்டான்.

“இது என்ன?” என்று முன்னால் போன மொக்கையனை உரக்கக் கேட்டேன்.

“பழசுதேன் சாமி. பாத்து வாங்க, வழுக்கும்.”

நான் பூட்ஸ் நனையாமல் தாண்டிப் போனேன். அந்த இரவு டைரியில் அட்டைக் கடியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். இலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எங்கள் கேள்வித் தாளுக்கு ஷெட்யூல் என்று பெயர். நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண். அதைக் கட்டத்தில் போட வேண்டும். இருபத்து மூன்றாம் கேள்வி இது: “வேலைக்குப் போகும் வழியில் யானையால் தொந்தரவு உண்டா?” உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. தாளின் அடியில் ‘குறிப்பு’ என்று இரண்டு அங்குல இடம் விட்டிருந்தது. அதில் எதையும் எழுதாமல் குறுக்கே ஒரு கோடு போட்டு மூடிவிட வேண்டும் என்பது டைரக்டரின் உத்தரவு. எழுதினால் எண்ண முடியாது.

மத்தியானச் சோற்று நேரத்தில் ஏலச்செடி நிரைக்குப் பக்கத்திலேயே ஒரு பாறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பேச்சியம்மா முதலில் வந்தாள். வயது, ஊர், எத்தனை வருடமாக வருகிறாய் எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். இருபத்து மூன்றை வாசித்தேன். யானை என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அவள் தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினாள். ஓடைப் பக்கம் பார்த்தாள்.

“இல்லங்கய்யா.”

“நன்றாக யோசித்துச் சொல்லம்மா.”

“அதேன் சொல்லிட்டேன்ல. இல்லங்கய்யா. அடுத்தாப்புல கேளுங்க.”

0 போட்டேன். ராக்கு வந்தாள். அவளும் இல்லை என்றாள். அடுத்தவளும் இல்லை. மொக்கையனையும் கேட்டேன்.

“இல்ல சாமி.”

“அப்புறம் எதற்குத் தகரம் தட்டுகிறாய்?”

“தட்டுறது பழக்கம். தட்டுறேன்.”

பழக்கம் என்பதற்கு ஒரு எண் இருந்தது, அதைப் போட்டேன். இந்த ஒரு பதிலில்தான் அவனுடைய வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அருளப்பன் முன்னமே அவனிடம் சொல்லியிருக்கிறான். தெரிந்தும் அவன் இல்லை என்றான். தன் வேலையைத் தானே போக்கிக்கொள்ளும் பதிலை ஒருவன் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு அது உறைக்கவே இல்லை.

அருளப்பனின் நோட்டு

மூன்றாம் நாள் மாலை அருளப்பன் ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்தான். ஷெட்யூலில் இடம் இல்லாததால் ஆட்கள் பேசியதையெல்லாம் அவன் தனியாக எழுதி வந்திருக்கிறான்.

“சார், இருவத்தி மூணுல எல்லாருக்கும் சைபர் வருது. அது சரியில்ல சார்.”

“ஏன் சரியில்லை? எல்லோரும் ஒரே பதில் சொன்னால் நல்லதுதானே?”

“இவங்க மலையில நின்னுக்கிட்டு அதப் பத்திப் பேச மாட்டாங்க சார். பேரும் சொல்ல மாட்டாங்க, இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க. சொன்னா கூப்புட்ட மாதிரின்னு நெனைக்கிறாங்க. மொக்கையண்ணன் சம்சாரத்த நம்ம கடையில வச்சு எங்கப்பா கேட்டாரு. அது பாட்டுக்குக் கதகதயாச் சொல்லுது. வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் சாமான் வாங்கக் கீழ எறங்குவாங்க. இந்த ஒரு கேள்விய மட்டும் போடியில வச்சுக் கேப்போம் சார். ஒரு நாள் சோலிதேன்.”

அப்போது நான் அவனுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அதை வரிக்கு வரி என்னால் திருப்பிச் சொல்ல முடியும். பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் ஒரே வார்த்தையில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி கேட்டால்தான் பதில்களை ஒப்பிட முடியும் என்றேன். கீழ்க்காட்டு ஆட்களைக் காட்டில் கேட்டுவிட்டு மேல்காட்டு ஆட்களை மட்டும் மளிகைக் கடையில் கேட்டால் அது ஆராய்ச்சி ஆகாது என்றேன். நமக்கு வேண்டிய பதில் வரும்வரை இடத்தை மாற்றி மாற்றிக் கேட்பது அவர்கள் வாயில் வார்த்தையைத் திணிப்பது என்றேன். நாளைக்கு வேறொருவன் வந்து கேட்டாலும் இதே பதில் வர வேண்டும், அதுதான் அறிவியல் என்று முடித்தேன்.

நான் சொன்ன விதிகளில் ஒன்றும் பிழை இல்லை. இன்றைய பாடப் புத்தகத்திலும் அவை இருக்கின்றன. வேறொருவன் போய் அதே பாறையில் உட்கார்ந்து கேட்டிருந்தாலும் அதே ‘இல்லை’தான் வந்திருக்கும். எத்தனை தடவை கேட்டாலும் மாறாத பதில். மாறாததால் அது உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

“இந்த நோட்டு?” என்றான் அருளப்பன்.

“கொண்டா, ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். அன்று படுக்கும் முன் புரட்டிப் பார்த்தேன். இலை கிள்ளிப் போட்டது எழுதியிருந்தது. பேச்சியம்மா தலைத்துணியை உதறிக் கட்டியது எழுதியிருந்தது. ராக்குவைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். அவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

ரிப்போர்ட்

சென்னையில் தாள்களை எண்ணி அட்டவணை போடும் டேபுலேஷன் ஒரு மாதம் நடந்தது. டைரக்டர் இருபத்து மூன்றாம் கேள்வியின் அட்டவணையைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரு ஆள்கூட மாத்திச் சொல்லலையா? இவ்வளவு சுத்தமான ரிசல்ட்டை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லைய்யா. அந்தத் தகரம் வெறும் பழக்கம்னு எழுது. காலை ரெண்டு மணி நேரம் வீண்னு எழுது.”

“கூட வந்த பையன் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறான் சார். அவர்கள் மலையில் வைத்து அதைப் பேச மாட்டார்கள் என்கிறான்.”

“எத்தனை பேர் அப்படிச் சொன்னாங்க? நம்பர் இருக்கா?”

“இல்லை சார்.”

“அப்ப விட்டுடு.”

விட்டுவிட்டேன். இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் என்னை வேலையை விட்டு எடுத்திருக்க மாட்டார். சோம்பலா, அவருடைய பாராட்டில் கிறுகிறுத்துப்போனதா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் அச்சானது. அருளப்பனின் நோட்டு அந்த வருடக் கடைசியில் ஆபீஸ் பழைய தாள்களோடு எடைக்குப் போனது. நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

முதலாளி சொன்னபடி செய்தார். மொக்கையன் ஸ்டோரில், காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளப் போனான். ஏழு மணிக்கு விசில். வரிசை போயிற்று, முந்திப் போகிறவளுக்குக் காய் நிறைந்த நல்ல நிரை என்று ஆயிற்று. அந்தப் பருவத்தில் மேல்காட்டில் காய் எடை ஏறியது. முதலாளி நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார், ஒரு டப்பா ஏலக்காயும் அனுப்பினார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எங்கள் முறை சரி என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்று டைரக்டர் கூட்டத்தில் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

கார்டு

அதற்கு அடுத்த பருவத்தில் அருளப்பனிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அவன் கையெழுத்து எப்போதும் மணிமணியாக இருக்கும்.

“மேல்காட்டில் ராக்கு இறந்துவிட்டது. காலை விசிலுக்குப் பிறகு, பனியில், ஆனையிடம் அகப்பட்டுக்கொண்டது. பேச்சியம்மாக்கா காப்பாற்ற ஓடிச் சரிவில் விழுந்து இடுப்பு போய்விட்டது. சிலமலையில் படுத்திருக்கிறது. மொக்கையண்ணன் மறுபடி தகரம் தட்டுகிறார். தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.”

இவ்வளவுதான். நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சிலமலை

லீவு போட்டுக்கொண்டு போனேன். போகும்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேச்சியம்மா, ராக்கு இருவருடைய ஷெட்யூல்களையும் பீரோவிலிருந்து தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கூடவே ஒரு வெற்று ஷெட்யூல். இருபத்து மூன்றை மறுபடி கேட்க வேண்டுமாம்.

அருளப்பனும் கூட வந்தான். பேச்சியம்மா வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தாள். எழுந்து உட்கார முடியவில்லை. சுவரோரம் நகர்ந்து சாய்ந்துகொண்டாள்.

“வாங்கய்யா. வா தம்பி. உக்காருங்க.”

என்னென்னவோ சொல்ல நினைத்துப் போயிருந்தேன். வாயில் வந்தது கேள்விதான்.

“அன்றைக்கு நான் கேட்டபோது இல்லை என்று ஏனம்மா சொன்னீர்கள்?”

அவளுக்கு அது விசித்திரமான கேள்வியாக இருந்தது. “மலையில நின்னுக்கிட்டு அந்தப் பேச்ச எடுக்கலாமாய்யா? நீங்க கேட்டதே எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. இங்க வந்து கேட்டிருந்தீகன்னா எத்தன ஆன இருக்கு, எந்த ஓடையில எறங்கும், குட்டி போட்டது எது, பனி நாள்ல எங்கிட்டு நிக்கும், எல்லாம் சொல்லியிருப்பேனே.”

சொன்னாள். அரை மணி நேரம், நிறுத்தாமல் சொன்னாள். யானை, யானை என்று சாதாரணமாகச் சொன்னாள். அதில் எதையும் எழுத என் வெற்று ஷெட்யூலில் கட்டம் இல்லை.

பிறகு, “நாங்க யாரும் வாயத் தெறக்கலையேய்யா. இல்லைன்னுதேன் சொன்னோம். அப்பறமும் வந்துருச்சே” என்றாள்.

மலை, ஓடை, யானை இவையெல்லாம் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அங்கே இருப்பவை. அதில் எண்ணுகிறவர்களின் கட்சி சரிதான். ஆனால் பேச்சியம்மா சொன்ன ‘இல்லை’ அப்படி அங்கே கிடந்தது இல்லை. நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து, அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதால் உண்டானது. அதில் பாதி என்னுடையது. நான் அதை முழுக்க அவளுடையதாக எழுதிக்கொண்டு போனேன். எண்கள் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. போடியில் வைத்துக் கேட்டிருந்தால் அதே கட்டத்தில் வரிசையாக 1 விழுந்திருக்கும், டைரக்டரும் ஏற்றுக்கொண்டிருப்பார். எங்கே வைத்துக் கேட்க வேண்டும் என்பதை எண்கள் எனக்குச் சொல்லவில்லை. இலை சொன்னது, தலைத்துணி சொன்னது, நோட்டு சொன்னது. நான் மூன்றையும் பார்த்தேன், படித்தேன், தாண்டிப் போனேன்.

நான் புறப்படுகிறேன் என்றபோது பேச்சியம்மா கேட்டாள்.

“ராக்குகிட்டயும் எழுதிக்கிட்டுப் போனீகளே. அவ என்ன சொன்னா? அவ பேசுனது ஏதும் அந்தக் காயிதத்துல இருக்குமாய்யா?”

பையிலிருந்து ராக்குவின் ஷெட்யூலை எடுத்தேன். நாற்பத்திரண்டு கட்டங்களிலும் என் கையெழுத்தில் எண்கள். வாசித்தேன். வயது இருபத்து நான்கு. ஊர் சிலமலை. ஐந்து வருடமாக வருகிறாள். வேலையில் திருப்தி, உண்டு. யானைத் தொந்தரவு, இல்லை.

“அம்புட்டுத்தானா?”

“அவ்வளவுதானம்மா.”

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது அருளப்பன் மெதுவாகச் சொன்னான்.

“எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்குக்கா. அன்னைக்கு ஓடைக்கிட்டக் கை கழுவிக்கிட்டே ராக்கக்கா சொன்னுச்சு. நான் நோட்டுல எழுதுனேன். ‘எங்கக்கா முன்னால நடந்தா எனக்கு ஒண்ணும் பயமில்ல’ன்னு சொன்னுச்சு.”

பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விசில் வந்த பிறகு வரிசை இல்லை. நல்ல நிரை பிடிக்க அன்று ராக்குதான் அக்காவை முந்திக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறாள்.

“இன்னொருக்காச் சொல்லு தம்பி” என்றாள்.

அருளப்பன் சொன்னான். அவள் மறுபடி கேட்டாள். அவன் மறுபடியும் சொன்னான்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் ஆராய்ச்சி வேலை பார்த்தேன். எத்தனையோ இன்வெஸ்டிகேட்டர்கள் என்னிடம் வேலை பழகினார்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்னால் சந்தோஷப்படாதே, இடத்தை மாற்றிக் கேள் என்று அவர்களிடம் சொன்னேன். குறிப்பு என்ற இடத்தை வெறுமையாக விட்டு வந்த தாளை நான் வாங்கியதே இல்லை. ராக்குவின் ஷெட்யூல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் அந்த இரண்டு அங்குல இடத்தில், ஸ்கேல் வைத்து நேராக, நான் போட்ட கோடு இருக்கிறது.